மூன்று பிள்ளைகள், மூன்று உயரம், ஒரே நாள்

கேள்வி இதுதான்: "எங்களுக்கு 14 வயதில் மகள், 8 வயதில் மகன், 3 வயதில் கடைக்குட்டி. பெரியவர்கள் என்று நானும் கணவரும் மட்டும். பெரிய தீம் பார்க் ஒன்றுக்கு ஒரே ஒரு நாள் போகிறோம். யாரும் அழாமல், மூன்று பேருக்கும் பிடிக்கிற மாதிரி, ஒன்றாகவே சுற்றிவர எப்படித் திட்டம் போடுவது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க ஐந்து பேரும் ஒன்றாகச் சுற்ற முடியாது. முயற்சி செய்தால் மத்தியானத்துக்குள் மூன்று பிள்ளைகளில் இருவராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிரிந்து போவது, குறித்த நேரத்தில் சேர்வது, மறுபடி பிரிவது என்று நாளை வகுத்துக்கொண்டால் ஐந்து பேருக்குமே நல்ல நாளாக அமையும். இப்படி ஒரு பூங்காவில் ரைடு வாசலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. பிற்பாடு மூன்று பிள்ளைகளோடு வரிசையின் மறுபக்கமும் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது: பெற்றோர்கள் கடைக்குட்டியின் பாதுகாப்பையும் மூத்தவளின் ஆசையையும் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். நாள் கெடுவதோ பெரும்பாலும் நடுப்பிள்ளையிடம். உங்கள் திட்டத்துக்கு அந்த 8 வயதுப் பையனை அச்சாணியாக வையுங்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

வால்ட் டிஸ்னி தன் மகள்கள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்ததைப் பல முறை சொல்லியிருக்கிறார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. நான்கே வருடத்தில், 1959-இல், அதே பூங்காவில் உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடும் முதல் ரோலர் கோஸ்டர் வந்தது. இன்று அதற்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு. உயரம் போதாத பிள்ளையோடு யாராவது ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்தப் பெஞ்சு நேரத்தை யார் யார் எப்போது பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் உங்கள் திட்டத்தில் பாதி.

முதல் வேலை, மூன்று பேரையும் அளப்பது. வயதைப் பூங்காக்காரர்கள் டிக்கெட்டுக்குக் கேட்பார்கள், ரைடு வாசலில் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். காலையில் எழுந்தவுடன் அளக்காதீர்கள். இரவு முழுக்கப் படுத்திருப்பதால் முதுகெலும்பு வட்டுகள் விரிந்து, எழும்போது ஒரு சென்டிமீட்டர் வாக்கில் எல்லாருமே உயரமாக இருப்போம். எழுந்து நடமாடிய முதல் சில மணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதனால் மாலையில், அன்றைக்குப் போட்டுப்போகும் காலணியோடு அளந்து, வரும் எண்ணை நம்புங்கள்.

எல்லைகள் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஃபுளோரிடா டிஸ்னியில் ஸ்லிங்கி டாக் என்ற குடும்பக் கோஸ்டருக்கு 97 செ.மீ. வேண்டும், ஸ்பேஸ் மவுண்டன் கோஸ்டருக்கு 112, ட்ரான் கோஸ்டருக்கு 122. யுனிவர்சல் பூங்காவின் ஹல்க் கோஸ்டருக்கு 137. ஸ்பேஸ் மவுண்டன் என்ற அதே பெயரில் கலிஃபோர்னியாவில் ஓடுவதற்கு 102 போதும். ஆகவே "போன தடவை வேறு ஊரில் ஏறினானே" என்ற கணக்கு செல்லாது. அந்தந்தப் பூங்காவின் பட்டியலை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயதில் சராசரி உயரம் 95, 96 செ.மீ., 5 வயதில் 110-ஐ ஒட்டி, 8 வயதில் 127, 10 வயதில் 138. இப்போது உங்கள் பிள்ளைகளை இதில் பொருத்திப் பாருங்கள். மூத்தவளுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். கடைக்குட்டி 97-ஐத் தொடுகிறாளோ இல்லையோ. பையன் 122-ஐத் தாண்டிவிடுவான், 137-க்குக் கீழே நின்றுவிடுவான். பூங்காவில் இருப்பதிலேயே பெரிய, எல்லாரும் அலறுகிற அந்த ஒரு ரைடு மட்டும் அவனுக்குக் கிடையாது. அக்கா அதில் ஏறுவதை அவன் கீழே நின்று பார்ப்பான். தங்கையின் குட்டி ரைடுகளுக்கோ அவன் பெரியவன். சிலவற்றில் அதிகபட்ச உயரம் என்று ஒன்று இருப்பதால் அங்கேயும் விடமாட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனுக்குத்தான் பொருந்தும்.

எங்கள் இரண்டாவது பையனுக்கு இது நடந்தது. நுழைவில் இருந்த அளவுப் பலகையைக் கண்ணால் பார்த்து "தாண்டிடுவான்" என்று நானே முடிவு செய்துவிட்டேன், அதுவும் இந்த வேலையைச் செய்த நான்! முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, ஏறும் இடத்தில் மறுபடி அளந்தபோது ஒரு விரற்கடை குறைவு. அவன் அழவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்கப் பேசவே இல்லை. எல்லையை ஒட்டி நிற்கிற பிள்ளையை வரிசையில் நுழைவதற்கு முன்பே ஊழியரிடம் கூட்டிப்போய் அளக்கச் சொல்லுங்கள். சில பூங்காக்களில் காலையிலேயே ஒரு தடவை அளந்து கையில் பட்டை கட்டிவிடுவார்கள். அந்த வசதி இருந்தால் உள்ளே போன உடனே அதை முடித்துவிடுங்கள்.

காலணிக்குள் துணி வைத்து அனுப்புவது, தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டுவது எல்லாம் வாசலில் நிற்பவருக்குப் பழகிப்போன விஷயம். பிடிபடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி இடுப்பெலும்பின் மேல் சரியாக உட்கார்ந்தால்தான் உடம்பு இருக்கையில் நிற்கும். உடம்பு சிறியதாக இருந்தால் கம்பி வயிற்றில் உட்காரும், அல்லது தொடைக்கு மேல் இடைவெளி விடும். வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது உடம்பு மேலே எழும்புகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் உயர எல்லையே. அந்த ஒரு சென்டிமீட்டருக்காக ஊழியரோடு வாதாடினால், விதியைக் கெஞ்சி வளைக்கலாம் என்றுதான் பையன் கற்றுக்கொள்வான்.

உயரம் இருந்துவிட்டால் ஏறியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான ரைடுகளை முன் இருக்கையில் இருந்து பிடித்த வீடியோ இணையத்தில் கிடைக்கும். முந்தைய வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். "இது வேண்டும், இது வேண்டாம்" என்பது அங்கேயே பாதி தெளிந்துவிடும். இரண்டு மணி நேரம் காத்திருந்து வாசலில் பின்வாங்குவதைவிட, வீட்டு சோபாவில் பின்வாங்குவது மேல். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரும் "இது இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன்" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும். பெரியவர்களும் சொல்லுங்கள், உங்களுக்கும் அது விடுமுறைதானே. கடைக்குட்டியால் சொல்ல முடியாது, அவள் சார்பில் ரயில், மிருகம், தண்ணீர் என்று எதைப் பார்த்தால் நிற்கிறாளோ அதை எழுதுங்கள். ஆக ஐந்து உருப்படி. இந்த ஐந்துக்கும் நேரம் ஒதுக்கியபின் மிச்சமிருப்பது எல்லாமே கூடுதல் லாபம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் யாரோடு என்ற கணக்கு. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு 14. ஃபுளோரிடா டிஸ்னி பூங்காக்களில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளை ரைடில் ஏறும்போது 14 அல்லது அதற்கு மேல் வயதுள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். 14 வயதுக்குக் குறைந்தவர் அப்படி ஒரு துணையில்லாமல் பூங்காவுக்குள்ளேயே வர முடியாது. அதாவது அந்தக் கணக்கில் உங்கள் மகள் ஏற்கெனவே துணை. மற்றப் பூங்காக்களில் இந்த எண் வேறாக இருக்கலாம், விதிப் பக்கத்தில் பாருங்கள். ஆனால் அவளைத் தம்பிக்குக் காவலாக நாள் முழுக்க வைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் தம்பியோடு, அப்புறம் ஒன்றரை மணி நேரம் தனியாக என்று ஒப்பந்தம் மாதிரி பேசிக்கொள்ளுங்கள். 14 வயதில் தனியாக நடக்கக் கிடைக்கும் அந்த நேரம் எந்த ரைடைவிடவும் பெரிது. பலரும் இதைக் கடைசிவரை தரமாட்டார்கள், பயம். இன்ன இடத்தில் இன்ன மணிக்கு என்று பேசி வையுங்கள். கூட்டத்தில் போன் சிக்னல் கைவிடும், சார்ஜும் தீரும், கடிகாரம் கைவிடாது.

அவள் தனியாக இருக்கும் நேரத்துக்கு ஒரு குறிப்பு: சில ரைடுகளில் தனியாள் வரிசை இருக்கும். இரட்டை இருக்கைகளில் ஒன்று காலியாகப் போகும்போது அதில் ஒற்றை ஆளை ஏற்றி அனுப்புவார்கள், அதனால் வேகமாக நகரும். சேர்ந்து உட்கார முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அவளுக்குப் பொருத்தம்.

இனி மாறி மாறி ஏறும் ஏற்பாடு. இதைத் தெரியாமல் நிறையப் பேர் பாதி நாளை வீணாக்குகிறார்கள். கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருக்கும் குடும்பத்துக்காகப் பெரிய பூங்காக்கள் பலவற்றில் இந்த முறை உண்டு. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்பார்கள். ஒரு பெரியவர் ஏறுவார், மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார். முதலாமவர் இறங்கியதும் இரண்டாமவர் நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். சில இடங்களில் எல்லாரும் ஒன்றாக வரிசையில் வந்து, ஏறும் இடத்துக்குப் பக்கத்து அறையில் குழந்தையோடு காத்திருக்க வேண்டும். சில இடங்களில் குழந்தையும் இரண்டாமவரும் வெளியே எங்கேயாவது சுற்றிவிட்டுப் பிறகு வரலாம். எது என்று ரைடு வாசலில் நிற்பவரிடம் வரிசையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். பாதியில் போய்க் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பார்.

இரண்டாவதாக ஏறுபவர் தன்னோடு ஒருவரையோ இருவரையோ கூட்டிப்போகப் பல இடங்களில் விடுவார்கள். ஆக அப்பாவோடு ஒரு முறை, அம்மாவோடு ஒரு முறை என்று மகள் ஒரே வரிசை நேரத்தில் இரண்டு தடவை ஏறிவிடுவாள். பையனுக்கு உயரம் இருந்தால் அவனும் அப்படியே. உயரம் இல்லாத ரைடு என்றால்தான் சங்கடம். அக்கா இரண்டு தடவை போய்வர, அவன் தங்கையின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இரண்டு தடவை நிற்பான். அந்த நேரத்தில் வாசலைப் பார்த்தபடி காத்திருக்க வைக்காதீர்கள். அவனுக்கு மட்டும் பிடித்த ஏதாவது, அது விளையாட்டுக் கடையாக இருந்தாலும் சரி, அங்கே கூட்டிப்போய்விடுங்கள். முக்கால் மணி நேரம் அம்மாவையோ அப்பாவையோ தனக்கென்று வைத்துக்கொள்வது நடுப்பிள்ளைக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

காலையில் கதவு திறந்ததும் எல்லாரும் இருப்பதிலேயே பெரிய கோஸ்டரை நோக்கி ஓடுவார்கள். பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனையும் அதுதான். கலவையான வயதுக் குடும்பத்துக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். மகனும் மகளும் இருவரும் ஏறக்கூடிய நடுத்தர ரைடுக்கு முதலில் போங்கள். எல்லா வயதும் ஏறலாம் என்பதாலேயே அந்த மாதிரி ரைடுகளில்தான் நாள் முழுக்கக் கூட்டம் குறையாது. ஆளைத் தலைகீழாகக் கவிழ்க்கும் ரைடுகளுக்குப் பாதிப் பேர் பயந்து வரவே மாட்டார்கள், மாலையில் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், குறிப்பாகக் குட்டிப் பிள்ளைகள் பகுதியில். 24 பேர் உட்காரும் கோஸ்டர் வண்டி நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறுவார்கள். முன்னால் 360 பேர் நின்றாலும் கால் மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். 12 பேர் உட்காரும் குட்டி ராட்டினத்தில் குழந்தைகளைத் தூக்கி வைத்து, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்க மூன்று நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 240 பேர்தான். அங்கே முன்னால் 60 பேர் இருந்தாலே அதே கால் மணி நேரம். "சின்ன வரிசைதானே" என்று நின்றுவிட்டு, 3 வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தவிப்பது இதனால்தான். குட்டிகள் பகுதிக்குத் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலோ, மூடப்போகும் கடைசி நேரத்திலோ போங்கள்.

மத்தியானம் ஓய்வு. கடைக்குட்டி வீட்டில் எப்போது தூங்குவாளோ அந்த நேரத்தை மாற்றாதீர்கள். தள்ளுவண்டியில் தூங்குவாள் என்றால் நிழலான, சத்தம் குறைந்த மூலையைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தள்ளுவண்டி வேண்டாம், நடந்தே பழகியவள் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றில்லை. கட்டாயம் எடுத்துப்போங்கள், பையன்கூட மாலையில் அதைப் பொறாமையாகப் பார்ப்பான். வெயிலில் சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். தாகம் என்று சொல்லும் வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நனைந்தால் உடனே. குளிரூட்டிய அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகள் இந்த நேரத்துக்குத்தான். அவற்றின் நேரப் பட்டியலைக் காலையில் பார்த்துவிட்டால் சேரும் நேரத்தை அதையொட்டியே குறிக்கலாம்.

சாப்பாட்டை எல்லாரும் சாப்பிடும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது உங்களுக்கு ரைடு வரிசை கொஞ்சம் இளைக்கும். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு சுழலும் ரைடு வேண்டாம். சுற்றும்போது வரும் குமட்டல் 2 வயதுக்குக் கீழ் அபூர்வம், பள்ளி வயதில் கூடிக்கொண்டே போய் 9, 10 வயதையொட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். இதிலும் மாட்டுவது உங்கள் 8 வயதுப் பையன்தான்! இருக்கை கொஞ்சமாக அசைய, கண் முன்னால் திரை வேகமாக ஓடுகிற ரைடுகள் இதில் மோசம். கண்ணும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் வேறு வேறு செய்தி சொல்வதால் வருவது அது. அப்படி ஆனால் திரையில் அசையாத ஒரு ஓரத்தையோ முன் இருக்கையின் முதுகையோ பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீர் ரைடுக்கும் உதவும்.

கடைக்குட்டியைப் பற்றி ஒன்று. அவளுக்கு உயரத்தைவிட இருட்டு, திடீர்ச் சத்தம், முகமூடி போட்ட பெரிய பொம்மை வேடக்காரர்கள் ஆகியவைதான் பயம். கார்ட்டூனில் ரசித்த அதே உருவம் ஆறடி உயரத்தில் எதிரே வந்து நின்றால் வீறிட்டு அழுவாள், கோபிக்காதீர்கள். வாணவேடிக்கை இருந்தால் காது மூடி வாங்கி வையுங்கள். ஒரே ரைடில் நான்கு தடவை ஏறவேண்டும் என்பாள். ஏற்றிவிடுங்கள். காசுக்கு எல்லா ரைடும் பார்க்க வேண்டும் என்ற கணக்கு உங்களுடையது, அவளுடையது இல்லை.

காசு என்றதும், வரிசையைத் தாண்டிப் போகும் விரைவுச் சீட்டு. டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகத் தொடங்கியது, இப்போது கட்டணமாகிவிட்டது. வாங்கும் முன் அதில் வரும் ரைடுகளின் பட்டியலையும் பிள்ளைகளின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்குட்டிக்கு வாங்குவது அநேகமாக வீண். மகளுக்கு மட்டும் வாங்கினால் குடும்பம் வெளியே நிற்கும் நேரம் குறையும், அந்த வகையில் ஐவருக்குமே ஆதாயம்.

தொலைந்துபோவது பற்றி வாசலிலேயே பேசிவிடுங்கள். காலையில் மூன்று பேரையும் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள், "என்ன சட்டை போட்டிருந்தாள்" என்று பதற்றத்தில் ஞாபகம் வராது. உங்கள் போன் எண்ணைக் கடைக்குட்டியின் கையில் பேனாவால் எழுதுங்கள். "காணாமல்போனால் அங்கேயே நில்லு, பேட்ஜ் குத்தியிருக்கிற ஊழியரிடம் சொல்லு" என்று பையனிடம் சொல்லி, அந்தச் சீருடை எப்படி இருக்கும் என்று ஒருவரைக் காட்டியே விடுங்கள். பூங்காவில் வேலை பார்த்தபோது நான் பார்த்தவரை, அம்மாவைத் தேடி நடந்துபோன பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும், நின்ற இடத்தில் நின்ற பிள்ளை சீக்கிரம் கிடைத்துவிடும்.

கிளம்பும் நேரத்தையும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மகளுக்கு இரவுவரை இருக்க ஆசை இருக்கும், கடைக்குட்டியால் முடியாது. ஒருவர் அவளோடு முன்கூட்டியே வெளியேறலாம், மற்றவர் பெரிய பிள்ளைகள் இருவரோடு இருக்கலாம். தங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் இது சுலபம். இல்லாவிட்டால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியதுதான். அப்போது கடைசி அரைமணி நேரத்தைக் குதிரை ராட்டினத்துக்கு வையுங்கள். அதற்கு உயரம் பார்ப்பது அரிது, அந்த நேரத்தில் வரிசையும் இருக்காது. மகள் "இதிலெல்லாம் நானா" என்பாள், ஏறிவிடுவாள். கடைக்குட்டி அதற்குள் தூங்கியிருக்கலாம். குதிரைகளுக்கு நடுவே ஆடாமல் சுற்றுகிற பெஞ்சு ஒன்றும் வழக்கமாக இருக்கும். தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார விடுவார்களா என்று இயக்குபவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.